பந்தயமும் பரிசோதனையும்

மோட்டார் ஸைக்கிள் பந்தயம் என்றதும் நம்மில் பெரும்பாலோருடைய மனக்கண் முன் தோன்றுவது என்ன? காதைத் துளைக்கும் சப்தம், பெட்ரோல் புகை, உயிரைத் துரும்பாக மதித்துப் பறக்கும் வாலிபர்கள் - இவ்வளவுதான். "பெற்றவர்கள் எப்படித்தான் சம்மதிக்கிறார்களோ!" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் இத்தகைய பந்தயங்களை நடத்தும் சங்கங்களின் விதிப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்குச் சற்று ஆச்சரியம் உண்டாகும். வேகத்தைப் பற்றிய பிரஸ்தாபம் அதில் மிகவும் சொற்பம். திருகாணி, கம்பி, மூடி, குழாய், எண்ணெய், தண்ணீர், எண் எழுதிய தகட்டின் நிறம் என்று, கல்யாண ஜாபிதாவைப் போல, பக்கம் பக்கமாக இவைதான் நிறைந்திருக்கும்.

இத்தனை விதிகள் எதற்கு என்று யோசித்தால், எல்லாம் இரண்டு நோக்கங்களில் அடங்கிவிடுகின்றன. சமமானவர்களே ஒருவரோடொருவர் மோத வேண்டும் என்பது ஒன்று. ஒருவனுடைய அசிரத்தை மற்றொருவனுடைய பிராணனைப் போக்கக் கூடாது என்பது மற்றொன்று. முதல் நோக்கத்திலிருந்து பிறந்தவை வகுப்புப் பிரிவுகள். இரண்டாவதிலிருந்து பிறந்தவை யந்திரப் பரிசோதனை விதிகள்.

எதை வைத்து அளப்பது?

யந்திரங்களைச் சமமாகப் பிரிப்பது என்று தீர்மானித்தவுடனேயே ஒரு சங்கடம் எழுகிறது. எதை அளவுகோலாகக் கொள்வது? எடையையா, எரிபொருளையா, எஞ்சினின் கொள்ளளவையா? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதர்களுக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

1904 முதல் 1906 வரை ஐரோப்பாவில் நடந்த சர்வதேசக் கோப்பைப் பந்தயத்தில் எடைதான் அளவு. வண்டி 50 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. விளைவு என்ன தெரியுமா? நொய்மையான சட்டங்களில் பிரம்மாண்டமான எஞ்சின்களைப் பொருத்திக்கொண்டு வந்தார்கள். அந்த வண்டிகளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதற்குக்கூட எவரும் அஞ்சுவார்கள். எடையைக் கட்டுப்படுத்தப் போய், உறுதியைக் கெடுத்ததுதான் மிச்சம்!

இதனால் மனக்கசப்படைந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்கென்று ஒரு பந்தயம் நடத்த விரும்பினார்கள். இங்கிலாந்தின் பொதுச் சாலைகளில் பந்தயம் விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவுக்கோ தனிச் சட்டசபை உண்டு. சாலைகளைப் பந்தயத்துக்காக மூடி வைக்க அது சம்மதித்தது. இவ்வாறு 1907-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, 'டூரிஸ்ட் டிராபி' என்று பின்னால் உலகப் புகழ் பெற்ற பந்தயம் ஆரம்பமாயிற்று.

பெயருக்கு ஏற்றபடி, யாத்திரை போகிறவர்கள் உபயோகிக்கக்கூடிய வண்டிகளே அதில் அனுமதிக்கப்பட்டன. ஆசனம், மட்கார்டு, சைலன்ஸர், பெடல் எல்லாம் இருக்க வேண்டும். அளவுகோல் எரிபொருள். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் ஒரு காலன் பெட்ரோலில் 90 மைலும், இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் 75 மைலும் ஓடியாக வேண்டும். பெட்ரோலை அளந்து கொடுத்துவிட்டார்கள். தீர்ந்தால் பந்தயமும் தீர்ந்தது! ஒற்றைச் சிலிண்டர் வகுப்பில் 'மாட்ச்லெஸ்' வண்டியில் வந்த சார்லி காலியர் மணிக்கு 38 மைல் சராசரி வேகத்தில் முதலாவதாக வந்தார். இரட்டைச் சிலிண்டரில் வென்றவர் ரெம் ஃபௌலர். அவருடைய 'நார்ட்டன்' வண்டியில் இருந்தது பிரெஞ்சு தேசத்துப் பெஜோ எஞ்சின்.

பெடல் இருந்தால் மேட்டில் காலாலும் மிதித்துக்கொள்ளலாம் அல்லவா? 'டிரையம்ப்' வண்டியில் இரண்டாவதாக வந்த ஜாக் மார்ஷலின் தரப்பினர் இதைச் சுட்டிக் காட்டினார்கள். மறு வருஷம் பெடல்கள் விலக்கப்பட்டன. அந்த 1908-ம் வருஷம் ஒற்றைச் சிலிண்டர் வகுப்பில் முதலாவதாக வந்தவர் அதே ஜாக் மார்ஷல்! ஒரு சிறு விதி ஒரு பெரிய கோப்பையைக் கை மாற்றக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கொள்ளளவின் ஆட்சி

1909-ல் எரிபொருள் கணக்கு கைவிடப்பட்டது. சிலிண்டரின் கொள்ளளவே அளவுகோலாயிற்று. ஒற்றைச் சிலிண்டருக்கு 500 ஸி.ஸி., இரட்டைச் சிலிண்டருக்கு 750 ஸி.ஸி. என்று வரம்பு கட்டினார்கள். அக்காலத்து இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள் ஒழுங்காக ஓடா என்ற அபிப்பிராயத்தினால்தான் அவற்றுக்கு இந்தச் சலுகை. ஆனால் சலுகை பெற்றவர்கள் விரைவில் தேர்ச்சியும் பெற்றுவிட்டார்கள். ஆகவே 1910-ல் 750 என்பது 670 ஆயிற்று. 1911-ல் 585 ஆயிற்று. அந்த வருஷம் அமெரிக்காவின் 'இந்தியன்' என்ற இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் வாரிக்கொண்டு போயின. 1912-ல் சலுகையையே எடுத்துவிட்டு, எல்லாருக்கும் 500 என்று சீனியர் வகுப்பையும், 350 என்று ஜூனியர் வகுப்பையும் வகுத்தார்கள். 250 ஸி.ஸி. வண்டிகளுக்குத் தனிப் பந்தயம் 1922-ல் வந்தது.

1911-ம் வருஷப் பந்தயத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். முதல் பந்தயத்தின் வெற்றி வீரரான அதே சார்லி காலியர் அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார். ஆனால் அனுமதியில்லாத இடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டார் என்பதற்காக அவர் பெயர் நீக்கப்பட்டது. பழைய புகழைக் கண்டு விதி வளைந்து கொடுக்கவில்லை. அந்தப் பந்தயத்தின் கௌரவம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கொள்ளளவை ஏன் அளவுகோலாகக் கொண்டார்கள்? எஞ்சினின் சக்தி, அது ஒவ்வொரு முறையும் உள்ளே இழுத்து எரிக்கும் காற்றையும் பெட்ரோலையும் பொறுத்தது. அந்த அளவை நிர்ணயிப்பது சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும்தான். பள்ளிக்கூடத்தில் நாம் நடத்தும் உருளைக் கணக்கே போதுமானது. பழைய நார்ட்டன் எஞ்சின் ஒன்றின் விட்டம் 79 மில்லிமீட்டர், ஓட்டம் 100 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 490 ஸி.ஸி. வரும், 500 வகுப்பில் நியாயமாகச் சேரும். அதன் விட்டத்தை ஒன்றரை மில்லிமீட்டர் கடைந்து பெரிதாக்கினால் 509 ஆகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது! ஆகையால்தான் பந்தயம் முடிந்த பிறகும், சந்தேகம் உண்டானால், எஞ்சினைத் திறந்து அளக்கும் அதிகாரத்தைச் சங்கங்கள் வைத்துக்கொண்டிருக்கின்றன.

எனினும் கொள்ளளவு ஒன்றே நியாயத்தை நிலைநாட்டிவிடாது. காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் சூப்பர்சார்ஜர் என்ற கருவியைப் பொருத்தினால், சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினுக்குள்ள காற்றை விழுங்கிவிடும். 1939-ல் மான் தீவின் சீனியர் பந்தயத்தை கியோர்க் மையர் என்ற ஜெர்மானியர் அத்தகைய பி.எம்.டபிள்யூ. வண்டியில்தான் வென்றார். 1946-ல் அக்கருவியைச் சர்வதேசச் சம்மேளனம் தடை செய்தது. பிறகு சிலிண்டர்களின் எண்ணிக்கை பெருகலாயிற்று. ஹோண்டா கம்பெனியார் 125 ஸி.ஸி.யை ஐந்து சிலிண்டர்களாகப் பங்கிட்டு 1966-ல் உலகப் பட்டம் பெற்றார்கள்! சுஸுகி கம்பெனியாரின் 50 ஸி.ஸி. வண்டி ஒன்றில் பதினான்கு கியர்கள் இருந்தன. இப்படியே போனால் சாதாரண மனிதன் பந்தயத்தில் காலெடுத்து வைப்பது எங்ஙனம்? 1969-லிருந்து 50 ஸி.ஸி. வண்டிக்கு ஒரே சிலிண்டர், ஆறே கியர் என்று கட்டுப்படுத்தினார்கள்.

ஏழைக்கும் இடம்

சங்கப் பந்தயங்களில் வகுப்பு வகுப்பாகப் பிரிப்பதன் தாத்பரியம் இங்கேதான் விளங்குகிறது. ஆலையில் வேலை செய்பவர், குமாஸ்தா, கடைக்காரர் ஆகியவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் தம் சொந்தச் செலவில் வந்து ஓட்டுகிறார்கள். எந்த மாறுதலையும் அனுமதித்தால், கனமான பணப்பை உள்ளவனே வருஷா வருஷம் ஜயிப்பான். மற்றவர்கள் இரண்டாம் வருஷம் வர மாட்டார்கள். மூன்றாம் வருஷம் சங்கமே இராது.

ஆதலால் கடையில் வாங்கியபடியே ஓட்டும் வண்டிகளுக்கு ஒரு வகுப்பு. சில மாறுதல்கள் மட்டும் செய்யக்கூடிய வண்டிகளுக்கு ஒன்று. தாராளமாக மாற்றியமைத்த வண்டிகளுக்கு ஒன்று. பழங்கால வண்டிகளுக்குத் தனியாக ஒன்று. சில பந்தயங்களில் எல்லாருக்கும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி வண்டிதான். அங்கே பணத்துக்கு வேலையில்லை. கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. இங்கிலாந்தில் புதிதாக வருபவர்கள் ஆரஞ்சு நிற மேலாடை அணிந்து ஓட்டும் வழக்கமும் உண்டு. பின்னால் வருபவன், "இவன் புதியவன்" என்று அறிந்து எச்சரிக்கையுடன் கடந்து செல்வான்.

பழைய சர்வதேச முறையில் எண் தகட்டின் நிறத்தைக் கொண்டே வகுப்பைச் சொல்லிவிடலாம்: 500-க்கு மஞ்சள், 350-க்கு நீலம், 250-க்குப் பச்சை, 125-க்குக் கறுப்பு, 50-க்கு வெள்ளை. ஒரே சமயத்தில் இரண்டு வகுப்புகள் ஓடினாலும் பார்ப்பவர்களுக்குக் குழப்பமில்லை.

ஒரு முழக் கம்பி

இனி, இரண்டாவது நோக்கத்துக்கு வருவோம். பந்தயத்தன்று காலையில் ஒவ்வொரு வண்டியையும் பரிசோதகரிடம் கொண்டு போய் நிறுத்த வேண்டும். அவர் முதலில் குனிந்து பார்ப்பது எஞ்சினின் அடிப்பாகத்தை. எண்ணெய் வடிக்கும் திருகாணியின் தலையில் சிறு துளையிட்டு, அதில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, திருகாணி கழலும் திசைக்கு எதிராக இழுத்து முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். எண்ணெய் வடிகட்டிக்கும் எண்ணெய் ஊற்றும் மூடிக்கும் அப்படியே. எஞ்சினுக்கு அடியில், எண்ணெய் சிந்தினால் தாங்கிக்கொள்ளத் தொட்டி போன்ற தகடும் பல வகுப்புகளில் கட்டாயம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? எஞ்சினின் அதிர்ச்சியில் திருகாணி கழன்றால், அந்த வண்டிக்காரன் அதை அறிவதற்குள் எண்ணெய் சாலையில் பரவிவிடும். அவன் ஒருவேளை தப்பித்துக்கொள்வான். வளைவில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு பின்னால் வரும் பத்துப் பேர் என்ன ஆவார்கள்? அவர்களுடைய எலும்புகளைக் காப்பது அந்த ஒரு முழக் கம்பிதான்.

மற்ற விதிகளும் இத்தகையவையே. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கிளைக்கால் கலந்த திரவம் சேர்க்கக் கூடாது. சிந்தினால் அது வழுக்கும், எளிதில் உலரவும் உலராது. ஆக்ஸிலரேட்டரைக் கைவிட்டவுடன் அது தானே மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த வண்டி ஆளில்லாமலே ஓடும். பிரேக், கிளட்ச் பிடிகளின் நுனி குண்டு போல் உருண்டிருக்க வேண்டும்; கூராக இருந்தால் உடலில் பாயும். பின்சக்கரத்துச் சங்கிலியும் பல்சக்கரமும் சேரும் இடத்தில் விரல் நுழையாதபடி தடுப்பு வேண்டும். கண்ணாடி விளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். அல்லது உடைந்தாலும் சிதறாதவாறு ஒட்டிவிட வேண்டும். நிறுத்தும் ஸ்டாண்டும் கூடாது. அது தரையில் கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். சப்தத்துக்கும் வரம்பு உண்டு. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் 1920-களிலேயே, அண்டை அயலார் முறையிட்டதன் பேரில், சைலன்ஸரைக் கட்டாயமாக்கினார்கள்.

இவற்றில் எதையாவது ஒருவன் அலட்சியம் செய்தால், அவன் எத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தாலும், எத்தனை பணம் கட்டியிருந்தாலும், அன்று ஓட்ட முடியாது. பரிசோதகரிடம் கெஞ்சிப் பயனில்லை.

நம் வீட்டு வாலிபர்கள்

இது ஏதோ சீமைச் சமாசாரம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமைந்த விமான ஓடுதளத்தில், நெடுங்காலம் பந்தயங்கள் நடந்து வந்தன. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார், 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே ஒரு தனிப்பாதை அமைத்தார்கள். கோயம்புத்தூரிலும் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது.

இந்த ஊர்களுக்கு வெளியே நடப்பது என்ன? நள்ளிரவில் நகரச் சாலைகளில் நம் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பந்தயம் விடுகிறார்கள். அங்கே வகுப்புப் பிரிவு இல்லை, கம்பி முறுக்கிய திருகாணி இல்லை, கொடி காட்டுபவர் இல்லை, காத்திருக்கும் வைத்தியர் இல்லை. எதிரே வரும் பால்காரருக்குத் தாம் ஒரு பந்தயத்தில் சேர்ந்திருப்பதே தெரியாது. வேகத்தில் ஆசையுள்ள பிள்ளையை "கூடாது" என்று அதட்டுவதோடு நின்றுவிடாமல், பெற்றோர் அவனை ஒரு தடவை முறையான பந்தயத்துக்கு அழைத்துச் செல்லலாம். ஆனால் ஓட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால், காலையில் பரிசோதனை நடக்கும் கொட்டகையில் ஒரு மணி நேரம் நிற்கச் செய்ய வேண்டும். தன்னைவிடப் பன்மடங்கு வேகமாக ஓட்டத் தெரிந்தவன், மண்டியிட்டு உட்கார்ந்து, பிறர் உயிருக்காகக் கம்பி முறுக்கிக்கொண்டிருப்பதை அவன் கண்ணால் காணட்டும். நாம் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லிப் புரியாதது அங்கே புரிந்தாலும் புரியும்.