சிறைக்கதவு கடந்த பாட்டு

காஞ்சிக்கு அருகே, வேகவதிக் கரையிலே உள்ள ஊர் திருப்பருத்திக்குன்றம். ‘சினகாஞ்சி’ என்று சரித்திரம் பேசும் சிற்றூர். அங்குள்ள சமணக் கோயிலிலே ஒரு சங்கீத மண்டபம் உண்டு. 1387-ஆம் ஆண்டு வாக்கில், விசயநகர அரசின் அமைச்சன் இருகப்பன் கட்டியது. அதைக் காணச் சென்றோம். கண்டு திரும்புகையில், களைப்பாற ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்தோம்.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் தறிக்குழியிலே, பேரன் பக்கத்திலே, கோர்வைக்குத் துணையாக. பேரனுடைய கைப்பேசியிலே ஒரு பாட்டு. பாட்டா, பேச்சா என்று பிரித்தறிய முடியாத வேகம். ‘ராப்’ என்கிறார்கள் இன்று.

“ஏன்டா, ஜெயிலுக்குப் போய் வந்தவன் பாட்டையா வீட்டிலே வைக்கிறே?” என்றார் பெரியவர்.

“பாட்டு நல்லா இருக்குது தாத்தா!” என்றான் பேரன்.

பெரியவர் நம் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க நாலும் தெரிஞ்சவங்க. நீங்களே சொல்லுங்க. இது நியாயமா?”

அங்கே சொன்னதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறோம்.

பெரியவரே! சிறைக்குப் போய் வந்தவன் பாட்டைத் தமிழ்நாடு கேட்டதே இல்லையா? கேட்டது. கேட்டது மட்டுமல்ல, கைகொட்டிச் சிரித்தது, சிரித்துவிட்டுச் சிந்தித்தது!

1944 நவம்பர். சென்னை வேப்பேரியிலே ‘இந்துநேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் மாண்டார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சிலேற்றிப் பணம் பறிப்பவர் என்று பெயரெடுத்தவர் அவர். அடுத்த மாதமே கைதானார்கள் இருவர் – எம். கே. தியாகராச பாகவதர், என். எஸ். கிருஷ்ணன். ஒருவர் பாட்டுக்கு மன்னர். மற்றவர் சிரிப்புக்குச் செல்வர். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ பிராட்வே கொட்டகையிலே மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். படம் திரையிலே பாடிக்கொண்டிருந்தது. பாடியவரோ கம்பிக்குப் பின்னே!

1945 மே மாதம் தீர்ப்பு: ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. மீண்டும் விசாரித்த உயர்நீதிமன்றம், 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டாண்டுகளுக்கு மேல் இருட்டறை. பிறகு ஒருநாள், ‘நீ குற்றவாளி அல்ல, போ!’ என்று ஒரு சொல்!

இருவரும் வந்தனர். ஒரே வழக்கு, ஒரே விடுதலை. ஆனால், இருவர் கதையும் ஒன்றாக இல்லை.

பாகவதர் ‘ராஜ முக்தி’யிலே 1948-இல் மீண்டும் பாடினார். குரல் கெடவில்லை, கூட்டம்தான் வரவில்லை. பின் வந்த படங்களும் பழைய பெருமையை மீட்டுத் தரவில்லை. 1959-இல் மறைந்தார். நாம் அவரைக் குறை கூறவில்லை. குற்றமற்றவர் என்று மன்றம் சொன்ன பிறகும், ‘சிறைக்குப் போனவர்’ என்று முணுமுணுத்த வாய்கள் எத்தனை! காலமும் மாறிவிட்டது. மன்னர் கதையும் புராணமும் கேட்டுக் கிறங்கிய மக்கள், தங்கள் கதையைக் கேட்க விரும்பிய காலம் அது.

அந்தக் கதையைச் சொன்னவர் கலைவாணர்! அவர் சிறையிலிருந்தபோது டி. ஏ. மதுரம் அம்மையார் தொடங்கிய ‘பைத்தியக்காரன்’ படத்திலே, வெளிவந்த வேகத்தில் அவரும் தோன்றினார். 1949-இலே அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’. அதிலேதான் வந்தது கிந்தனார் காலட்சேபம்!

நந்தன் கதை நாடறிந்தது. தில்லையைக் காணத் துடித்தான், தீயிலே இறங்கினான். அதே காலட்சேபக் கோலத்திலே கலைவாணர் கிந்தனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிந்தன் துடித்தது எதற்கு? படிப்புக்கு! நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். நந்தன் சோதியிலே மறைந்தான்; கிந்தன் படித்து உயர்ந்து ஊர் முன்னே நிமிர்ந்து நின்றான். மேடை பழையது, மெட்டு பழையது, கருத்தோ புதியது, கூரியது!

சிறையிலே பட்ட துன்பத்தைச் சொல்லி அவர் அழுதாரா? இல்லை. ‘என்னைச் சிறையிலிட்டவர்களே’ என்று மார்தட்டினாரா? அதுவும் இல்லை. தன் வேதனையைத் தள்ளிவைத்து, சேரிச் சிறுவனின் வேதனையைப் பாடினார். வீழ்ந்தவன் எழுந்த முறை அது!

பெரியவரே, உமது காஞ்சிக்கும் அவர் வந்தார். 1957 தேர்தலிலே அண்ணாவுக்கு வாக்குக் கேட்க வந்தவர், எதிர்த்து நின்ற டாக்டரைப் புகழ்ந்தாராம். இவ்வளவு நல்ல வைத்தியரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால், நமக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது என்று கேட்டாராம்! சிரித்த காஞ்சி அண்ணாவைச் சட்டசபைக்கு அனுப்பியது. அன்று அவரைக் காணக் கூடிய கூட்டத்தில், ‘சிறை சென்றவர்’ என்று முகம் திருப்பியவர் உண்டா? அந்த ஆண்டு ஆகஸ்டிலே கலைவாணர் மறைந்தார். 1969 சனவரி 14-ஆம் நாள், நோயுற்ற நிலையிலும் அண்ணா வந்து திறந்தது அந்தச் சிரிப்பு மேதையின் சிலையைத்தான்.

இது பழங்கதை என்பீர்களானால், நேற்றைய கதையும் உண்டு. 2015 அக்டோபரிலே திருச்சியில் பாடகர் கோவனை நள்ளிரவிலே பிடித்துப் போனார்கள். என்ன குற்றம்? மதுக்கடையை மூடு என்று பாடிய குற்றம்! அதற்குப் பெயர் இராசத் துரோகமாம். பிணையில் வந்தவர் வாயை மூடிக்கொண்டாரா? மீண்டும் பாடினார். 2018 ஏப்ரலில் மீண்டும் கைது. கதவைப் பூட்டலாம், கழுத்தைப் பிடிக்கலாம். காற்றிலே கலந்த பாட்டுக்கு விலங்கு பூட்டும் கொல்லன் இன்னும் பிறக்கவில்லை!

அப்படியானால், சிறை சென்ற எவனையும் தலைமேல் தூக்கிக் கூத்தாடலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. இங்கேதான் தம்பிமாருக்கும் ஒரு சொல் உண்டு.

பாடியதற்காகச் சிறை சென்றவன் ஒருவன். பழி சுமத்தப்பட்டுச் சிறை சென்றவன் ஒருவன். பாவம் செய்தே சிறை சென்றவன் ஒருவன். மூவரும் ஒன்றல்ல!

அமெரிக்க நாட்டிலே டுபாக் ஷக்கூர் என்றொரு ராப் பாடகர். பெண்ணொருத்திக்கு இழைத்த பாலியல் குற்றத்துக்காக 1995 பிப்ரவரியிலே தண்டனை. அக்டோபரிலே மேல்முறையீட்டுப் பிணை. டிசம்பரிலே புதுப்பாட்டு, உலகமே ஆடியது. பாட்டு வென்றது, உண்மை. ஆனால், பாட்டு வென்றதால் தீர்ப்பு அழிந்துவிட்டதா? அந்தப் பெண்ணின் கண்ணீர் காய்ந்துவிட்டதா? கைதட்டல் விடுதலைப் பத்திரம் ஆகாது! லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பதற்குத் தமிழ்நாட்டின் கைதட்டல் இன்றுவரை விடை சொல்லவில்லையே!

தண்டனை முடிந்தவன் தொழில் செய்ய உரிமை உண்டு. அவன் பாட வரும்போது கதவடைக்க நமக்கு உரிமை இல்லை. சட்டம் விதித்ததற்கு மேல் ஒரு நாளையும் சமுதாயம் கூட்டக் கூடாது. ஆனால், சிறையையே பதக்கமாகக் குத்திக்கொண்டு, துன்புற்றவரை ஏளனம் செய்து, பெண்ணைப் பண்டமாக்கிப் பாடினால், அந்தப் பாட்டை நிறுத்த நம் விரலுக்கும் உரிமை உண்டு. ‘எங்கிருந்து வந்தான்?’ என்று மட்டும் கேட்காதீர். ‘எதைக் கொண்டு வந்தான்?’ என்றும் கேளுங்கள்!

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பாவிலே ஓர் இழை அறுந்திருந்தது. தறியை நிறுத்தினார். அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, முடிச்சிட்டு, விரலால் நீவிப் பார்த்தார். சேலையை வீசி எறியவில்லை. முடிச்சைச் சரிபார்க்காமலும் விடவில்லை.

பிறகு பேரனைப் பார்த்துச் சொன்னார்: “இன்னொரு தரம் வைடா. என்னதான் சொல்றான்னு கேப்போம்.”

அதுதான் தீர்ப்பு என்போம்!