வலியோடு ஆடலாமா?

2025 ஜூன் 22. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். இந்தியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹேலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே 9 புள்ளிகள் எடுத்தார். சற்று நேரத்தில் வலது குதிகால் தசைநாண் அறுந்து கீழே விழுந்தார். ஓக்லஹோமா சிட்டி தண்டர் 103-91 என வென்று கிண்ணத்தை ஏந்தியது.

ஐந்தாவது ஆட்டத்திலேயே அதே காலின் கெண்டைத்தசையில் அவருக்குக் காயம். தெரிந்தேதான் ஆடினார். அதனால் அடுத்த பருவம் முழுவதையும் இழந்தார்.

அமெரிக்கக் காற்பந்திலும் இதே காயம் ஓர் அணியின் திட்டத்தைக் குலைத்தது. 2023 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கிய ஏரன் ராஜர்ஸ், சில நிமிடங்களிலேயே வெளியேறினார். தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் அவர். மறு ஆண்டு அவர் திரும்பியும் அணி தேறவில்லை. 2024 அக்டோபரில் தலைமைப் பயிற்றுநர் ராபர்ட் சாலே நீக்கப்பட்டார். 2025இல் ராஜர்ஸ் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு மாறினார்.

மீண்டும் வாய்ப்பு வந்தாலும் ஆடவே செய்வேன் என்றார் ஹேலிபர்ட்டன். அவர் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால், அவர் அருகில் மருத்துவக் குழு இருந்தது. அப்படியிருந்தும் தசைநாண் தாங்கவில்லை. பள்ளி அணியில் ஆடும் மாணவர்களே, கால் வலித்தால் மறைக்காதீர்கள். பயிற்றுநரிடம் அன்றே சொல்லுங்கள். அதுவும் துணிச்சல்தான்.