எத்தனை பேர் என்று கேட்கிறவர்களுக்கு



ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம் இது. வழக்கம்போல ஒரு வேதபகுதியை எடுத்துத் தியானிக்கவே அமர்ந்தேன். ஆனால் கடந்த இரண்டு ஞாயிறுகளாக ஆராதனை முடிந்தபின் ஆலய வாசலில் என் காதில் விழுந்துவரும் ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல், எந்தப் பகுதிக்குள்ளும் மனம் நுழைய மறுக்கிறது. ஆகவே இந்த வாரத் தியானம் சற்றுக் கடுமையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் நேரில் வந்து என்னோடு வாதாடுங்கள். வாசலில் நின்று பேசுவதைவிட அது நல்லது.

நம் ஜெபத்திலும் காணிக்கையிலும் தாங்கப்படுகிற இளம் மிஷனரி, பெரு நாட்டின் அயாகுச்சோ நகரிலிருந்து எழுதிய பரிசுத்த வாரக் கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது. கடிதத்தோடு மாதாந்தர அறிக்கைத் தாளும் வந்திருந்தது. அந்தத் தாளில் நான்கு கட்டங்கள் உண்டு: சுவிசேஷம் கேட்டோர், தீர்மானம் எடுத்தோர், ஞானஸ்நானம் பெற்றோர், சபையில் சேர்ந்தோர். நான்கிலும் அவர் சுழியம் எழுதியிருந்தார். அன்றுமுதல் வாசலில் மூன்று கேள்விகள் உலவுகின்றன. "ஒரு வாரம் முழுவதும் உருளைக்கிழங்கு தோலுரிக்கவா இவரை அனுப்பினோம்?" "சுரூப ஊர்வலம் போகும் வீதியில் இவருக்கு என்ன வேலை?" "ஏற்கெனவே கிறிஸ்தவ நாடாயிருக்கிற நாட்டுக்கு மிஷனரி எதற்கு?" அடுத்த மாதம் அவருடைய ஆதரவைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மிஷனரி கமிட்டி தீர்மானிக்கவிருப்பதால், இக்கேள்விகள் வெறும் பேச்சாக நின்றுவிடப் போவதில்லை.

முதலாவது, அந்த ஊர் எப்படிப்பட்டது என்று அறியாமல் ஊழியரை நிறுக்க வேண்டாம்.

அயாகுச்சோ ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைமக்களின் கெச்சுவா மொழியில் அப்பெயருக்கு 'இறந்தோரின் மூலை' என்று பொருள் சொல்வார்கள். கிறிஸ்துவின் வயதுக்கு ஓர் ஆலயமாக 33 ஆலயங்கள் தங்கள் ஊரில் உண்டென்று அவ்வூரார் பெருமையாகக் கூறுவர். பரிசுத்த வாரம் வந்தால் நாடெங்குமிருந்து ஜனங்கள் வந்து குவிவார்கள். வீதிகளில் பூவிதழ்களால் கம்பளம் விரிப்பார்கள். பெரிய வெள்ளி இரவில் நகரத்தின் விளக்குகள் அணைக்கப்படும். இருளில், கண்ணாடிப் பேழைக்குள் கிறிஸ்துவின் சடலச் சுரூபம் மெழுகுவர்த்திகளின் நடுவே சுமந்து செல்லப்படும். துக்கம் கொண்டாடும் தாயின் சுரூபம் அதன் பின்னே செல்லும். ஈஸ்டர் அதிகாலையில், வெண்மெழுகு வேலைப்பாடுகளும் எண்ணற்ற தீபங்களும் நிறைந்த கோபுரம் போன்ற பெருந்தேரை நூற்றுக்கணக்கானோர் தோளில் ஏற்றிச் சதுக்கத்தைச் சுற்றி வருவார்கள்.

சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது இவ்வளவே. அந்த ஊருக்கு வேறொரு சரித்திரமும் உண்டு.

1980ஆம் ஆண்டு, 'ஒளிரும் பாதை' என்று பொருள்படும் சென்டெரோ லுமினோசோ என்னும் ஆயுதக் குழு தன் போரை அந்த வட்டாரத்திலேயே தொடங்கிற்று. அதை அடக்க இராணுவம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஏழை மலைமக்கள் அரைபட்டார்கள். அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, 69,280 பேர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள் என்று மதிப்பிட்டது. அவர்களில் நால்வரில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழிகளைப் பேசியவர்கள். இறந்தோரிலும் காணாமற்போனோரிலும் நூற்றுக்கு 40 பேருக்குமேல் அயாகுச்சோ வட்டாரத்தார். 1983 ஏப்ரல் 3 அன்று லுக்கானமார்க்கா பகுதியில் அந்த ஆயுதக் குழு 69 பேரைக் கொன்று குவித்தது. குழந்தைகளையும் விடவில்லை. அந்த நாள் எது தெரியுமா? அது ஈஸ்டர் ஞாயிறு. 1984 ஆகஸ்டு 1 அன்று, அதே வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஆராதனைக்குக் கூடியிருந்த பிரெஸ்பிட்டேரியன் சபையாரில் ஆறு பேரைக் கடற்படை வீரர்கள் வெளியே இழுத்துச் சுட்டுக் கொன்றார்கள். நம்மைப்போல வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தவர்கள் அவர்கள்.

கிறிஸ்தவ நாட்டுக்கு மிஷனரி எதற்கு என்று கேட்கிறவர்களே, இதைக் கவனியுங்கள். ஏறக்குறைய எல்லாருடைய பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த ஒரு நாட்டிலேதான் இத்தனையும் நடந்தது. நம் அறிக்கைத் தாளின் மூன்றாம் கட்டம் அங்கே முந்நூறு, நானூறு ஆண்டுகளாக நிரம்பி வழிந்திருக்கிறது. நிரம்பியும் இரத்தம் சிந்தப்பட்டது. எண்ணிக்கையே இரட்சிப்பின் அளவுகோலானால், அந்த மலைநாட்டில் ஒரு விதவையும் இருந்திருக்கக் கூடாது.

இனி, நம் இளைஞர் அந்த வாரம் செய்தது என்ன? அங்கே ஒரு சிறு சபை நடத்தும் உணவுக்கூடத்தில் காலைமுதல் மாலைவரை காய்கறி அரிந்தார், பாத்திரம் கழுவினார். உயரத்தின் காரணமாக முதல் மாதங்களில் மூச்சுத் திணறித் தலைவலியால் வருந்திய அவர், இப்போது தண்ணீர்க் குடங்களை மேட்டுத் தெருவுக்குச் சுமக்கப் பழகியிருக்கிறார். ஸ்பானிய மொழி ஓரளவு வந்துவிட்டது. கெச்சுவா இன்னும் திக்குகிறது. அவரோடு அமர்ந்து கிழங்கு உரிக்கும் முதிய பெண்களில் ஒருவரை, ஊர் வழக்கப்படி 'மமாய்' என்று, அதாவது அம்மா என்று, அழைக்கிறார். அந்த அம்மையாரின் மகனை 1984இல் ஓர் இரவு வீட்டிலிருந்து சிப்பாய்கள் கொண்டுபோனார்கள். அப்போது அவனுக்கு வயது 19. இன்றுவரை உயிரோடும் வரவில்லை, எலும்பாயும் வரவில்லை.

பெரிய வெள்ளி இரவு, தனக்கு நடக்கத் துணை வேண்டுமென்று அந்த அம்மையார் கேட்டதால், இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் நின்றார். பேழை கடந்தது. தாயின் சுரூபம் கடந்தது. அப்போது அந்த அம்மையார், அவருக்கு விளங்க வேண்டுமென்று ஸ்பானிய மொழியில் மெதுவாகச் சொன்னாராம்: "அந்தத் தாய்க்கு மகனின் உடலாவது கிடைத்தது."

நம் இளைஞர் எழுதுகிறார்: "ஐயா, என் சட்டைப்பையில் கைப்பிரதிகள் இருந்தன. உயிர்த்தெழுதலைப்பற்றி நான் மனப்பாடம் செய்திருந்த வசனங்களும் இருந்தன. ஒன்றையும் எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஊர்வலம் போய் முடியும்வரை அவரோடு நின்றேன். சனிக்கிழமை முழுவதும் ஊரெல்லாம் திருவிழாச் சத்தம். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மகனுடைய சட்டையை எடுத்துக் காட்டினார். அறிக்கைத் தாளில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை."

அருமையானவர்களே, இந்த வரியை வாசித்தபின்னும் உருளைக்கிழங்கைப்பற்றிப் பேச நமக்கு எப்படி வாய் வந்தது?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. சுவிசேஷம் அறிவிக்கப்பட வேண்டும். ஞானஸ்நானத்தை நான் அற்பமாக எண்ணுகிறவனல்லன். இரண்டு வேளை உணவைக் குறைத்துக் காணிக்கை போடுகிற ஏழை விதவைகள் நம் சபையில் உண்டு. அவர்களுடைய பணத்துக்குக் கணக்குக் கேட்பது பாவமல்ல, கடமை. சுரூபங்களைக்குறித்து நம் திருச்சபையின் போதனையும் மாறவில்லை. நம் இளைஞர் எதையும் வணங்கவுமில்லை, சுமக்கவுமில்லை. ஒரு தாயின் கையைத் தாங்கினார். அதைக் குற்றமென்பவர்கள், எரிகோ வழியில் காயப்பட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனுக்கும் இதேபோல ஒரு காரணம் இருந்திருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

"அந்த நேரத்தில் அவர் உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்திருக்க வேண்டும்" என்று ஒரு மூப்பர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அவருடைய வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் யோவான் 20ஆம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து மறுபடி வாசிக்க விரும்புகிறேன். மகதலேனா மரியாள் கல்லறையருகே எதற்காக அழுதாள்? ஆண்டவரின் உடலை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை, அதற்காகவே அழுதாள். அயாகுச்சோ தாய்மாரின் அழுகையும் எழுத்துப் பிசகாமல் அதுவேதான். உயிர்த்தெழுந்த இயேசு அவளுக்கு முன் நின்றபோது, அவர் வாயிலிருந்து முதலாவது வந்தது அறிவிப்பல்ல. ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய் என்ற கேள்வி வந்தது. மரணத்தை ஜெயித்தவரே முதலில் அழுகையின் காரணத்தைக் கேட்டார் என்றால், இருபத்துநாலு வயது ஊழியர் ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது குறைவான ஊழியமா? யோபின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரையில் பிழை செய்யவில்லை. வாய் திறந்தபிறகே அவர்கள் கர்த்தரின் கோபத்துக்கு ஆளானார்கள்.

அந்த ஊர்த் தாய்மார் நமக்குப் பிரசங்கிக்கத் தகுதியுள்ளவர்கள். ஆன்ஹெலிக்கா மெண்டோசா என்ற தாயின் மகன் 1983 ஜூலையில் சிப்பாய்களால் கொண்டுபோகப்பட்டான். அவர் அழுது ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் மற்றத் தாய்மாரைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். துப்பாக்கிகள் நிறைந்த வீதியில் பெரிய வெள்ளைச் சிலுவை ஒன்றைச் சுமந்து நடந்தார்கள். அச்சிலுவையில் எழுதப்பட்டிருந்தது பத்துக் கற்பனைகளில் ஒன்று: கொல்லாதே. மகனைக் காணாமலேயே 2017இல் அந்தத் தாய் மரித்தார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அதே 2017முதல் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாரை அறிந்த நமக்கு, அந்த அழுகை அந்நிய பாஷையாகலாமா?

இப்பொழுது நம்மைப்பற்றிப் பேசுவோம். ஈஸ்டர் அதிகாலையில் நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். நம்மவர் கல்லறைகளைக் கழுவி, மாலையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுகிறோம். நம் பிதாக்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய கிருபை என்று ஒருநாளாவது எண்ணினோமா? பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் அழுகிறோம். ஞாயிறன்று புத்தாடையில் வருகிறோம். நடுவிலுள்ள சனிக்கிழமையை மாவு அரைக்கவும் கடைக்குப் போகவும் வைத்துக்கொள்கிறோம். கல் இன்னும் புரட்டப்படாத அந்த நாளிலேயே வாழ்நாள் முழுவதும் நிற்கிற மக்கள் உலகத்தில் உண்டென்பதை மறந்துவிட்டோம். நம் சபையிலும் உண்டு. மகனை இழந்த ஒரு தாய் இந்த ஆண்டு ஈஸ்டர் ஆராதனைக்கு வரவில்லை. காரணம் கேட்டேன். "எல்லாரும் சந்தோஷப்படு, சந்தோஷப்படு என்கிறார்கள் ஐயா. யாரும் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்கிறார்கள்" என்றார். அயாகுச்சோவில் நம் இளைஞர் செய்ததை, நாலு தெரு தள்ளி நாம் செய்யவில்லை.

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. அந்த அறிக்கைத் தாளை வடிவமைத்தவன் நான். நான்கு கட்டங்களையும் அளவுகோல் வைத்துக் கோடிழுத்தவன் நான். ஊழியர்கள் தொகையைக் கூட்டி எழுதும் சோதனைக்கு நானே வாசல் திறந்துவைத்தேன். நான்கு சுழியங்களை உண்மையாய் எழுதிய அந்த இளைஞர், தெரியாமலே தம் போதகனைக் கண்டித்துவிட்டார். ஆத்துமாக்களை எண்ணத் தெரிந்த எனக்கு, ஓர் ஆத்துமாவோடு ஒரு நாள் முழுவதும் இருப்பதற்குக் கட்டம் போடத் தெரியவில்லை.

ஆகவே மூன்று காரியங்களைச் சபையின் முன் வைக்கிறேன். ஒன்று, அவருடைய ஆதரவு தொடர வேண்டும். கமிட்டியில் நான் இதற்காகவே பேசுவேன். கணக்குக் கேளுங்கள், செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் விவரம் வரும். ஆனால் மனுஷரைக் கட்டத்தில் அடைத்துக் கேளாதிருங்கள். இரண்டு, அந்தத் தாளை இன்றுமுதல் நிறுத்துகிறேன். மாதம் ஒரு கடிதம் போதும். நாமும் மாதம் ஒரு பதில் எழுதக் கடமைப்பட்டவர்கள். மூன்று, வரும் ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆலயம் திறந்திருக்கும். பாட்டு இராது, பிரசங்கம் இராது. துக்கப்படுகிறவர்கள் வரட்டும். மற்றவர்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார வரட்டும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று அன்று யாரும் எண்ண வேண்டாம்.

ஜெபிப்போம்: மரியாளைப் பெயர்சொல்லி அழைத்த ஆண்டவரே, வைக்கப்பட்ட இடம் தெரியாத ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் உமக்குத் தெரியும். மலைநகரில் தனிமையாய் உழைக்கும் உம் ஊழியரைத் திடப்படுத்தும். கட்டங்களுக்குள் உம் கிரியையை அளந்த எங்களை மன்னியும். அழுகிறவர்களின் அருகே அமர எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்