வெண்மணி நாவலில் தீ எந்த அத்தியாயம்?



வெண்மணியை நாவலாக எழுதத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நோட்டு பாதி நிரம்பிவிட்டது, கதைதான் நகர மாட்டேங்குது. நம்மில் நாவல் எழுத உட்காருகிற எவருக்கும் வரக்கூடிய சிக்கல்கள் என்பதால் இங்கே கொட்டுகிறேன்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். 1968 டிசம்பர் 25 ராத்திரி, ஒரே குடிசைக்குள் 44 பேர். தீயைக் கடைசியில் வைத்தால் அதற்கு முன்னால் வருகிற நடவு, அறுப்பு, கல்யாணம் எல்லாமே பிணத்துக்குப் போட்ட மாலையாகிவிடுகின்றன. முதலிலேயே வைத்தால் நம்ம சனங்க பிணமாகத்தான் கதைக்குள் நுழைகிறார்கள். அதனால் நடுவில் வைத்திருக்கிறேன். கொலை அன்றோடு முடியவில்லையே! 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலனும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். அந்த 'நம்ப முடியவில்லை'தான் என் இரண்டாம் பாகம்.

அப்புறம் நாயகன். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். நாவல் இலக்கணமோ ஒரு வீரனைக் கேட்கிறது. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். தப்பிப் பிழைத்து, கூண்டில் ஏறி, 'இருட்டுல எப்படி ஆள் அடையாளம் தெரிஞ்சுது?' என்று வக்கீல் குடையக் குடையப் பதில் சொல்கிற ஒருத்தியின் வாயில் கதையை வைக்கப்போகிறேன்.

பண்ணையார் பாத்திரம்தான் ரொம்பப் படுத்துகிறது. இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' நாவலில் பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் காரணம் தேடினார். 1977-இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. கதைப்பின்னலுக்கு இது சவுகரியம். ஆனால் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று கூட்டுச் சேர்ந்திருந்தார்களே, அத்தனை பேருக்குமா அந்தக் குறை? கூலி நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும், கேட்டது சேரி என்பதும் போதாதா? கூலிப் போராட்டம் என்று மட்டும் எழுதினால் எரிந்தது ஏன் சேரி என்ற கேள்வி நிற்கிறது. சாதி என்று மட்டும் எழுதினால் கொடி பிடித்த கை காணாமல் போகிறது. ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க முடியாமல் பதினாலு பக்கம் கிழித்துப் போட்டாயிற்று.

1980-இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே முடித்தால் வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவார். அதான் உதைக்குது. களத்தில் கூலி நெல் அளக்கிறபோது காதில் விழுகிற சேதியாக, ஒரே பத்தியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் கதை இருக்கிறது.

கீழத்தஞ்சைத் தோழர்கள் அன்றைய கூலி அளவு, களத்துப் பேச்சு, நடவுப் பாட்டு பற்றிப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழுக்குள் கிடைத்தால் நல்லது.