பொறுத்திருந்தால் பேசிவிடுமா?

இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை எண்ணிக் கவலையுறும் தாய்க்கு, நம் வீடுகளில் தவறாமல் கிடைக்கிற ஆறுதல் ஒன்று உண்டு. 'சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும், அவசரப்படாதே, தானாகப் பேசிவிடும்' என்று மாமியாரும், அக்கம்பக்கத்துப் பெரியவர்களும், சில சமயங்களில் வைத்தியர்களுங்கூடச் சொல்லுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த அபிப்பிராயம் பிழையானதென்றும், அதை நம்பிக் காலம் கடத்துவதனால் சில குழந்தைகளுக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம் நேருகிறதென்றும் நான் உறுதியாகக் கருதுகிறபடியால், அதற்கு ஆதாரமாகக் கூறப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிக்க விரும்புகிறேன்.

முதலாவது, 'தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிற்பாடு சரியாகிவிடுகிறார்கள்' என்பது. இதில் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நியாயமாகாது. ஒரு வயதையொட்டி முதற்சொல்லும், இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்களும், 'அம்மா வா', 'பால் தா' என்ற இணைப்புக்களும் வருவது வழக்கமென்றால், நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாத குழந்தைகள் இரண்டு வயதில் அந்த நிலையை எட்டுவதில்லை. அவர்களுள் வேறு குறை எதுவுமில்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளி செல்லும் வயதிற்குள் மற்றவர்களுக்குச் சமமாக வந்துவிடுகிறார்கள். ஆனால் 'வேறு குறை எதுவுமில்லாதவர்' என்பதைத் தீர்மானிப்பது யார்? மௌனத்துக்குப் பின்னால் செவிக்குறை இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம், அறிவு வளர்ச்சியின் மந்தம் இருக்கலாம், மொழியைக் கிரகிப்பதிலேயே ஒரு தடை இருக்கலாம். பெரும்பான்மை என்பது கூட்டத்தைப் பற்றிய உண்மையேயன்றி, மடியில் இருக்கிற ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட உறுதிமொழி ஆகாது.

இரண்டாவது, 'காதில் ஒரு குறையுமில்லை. பாத்திரம் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறான்' என்பது. எல்லா வாதங்களிலும் இதுவே அபாயகரமானது. ஏனெனில் இது கண்ணாரக் கண்ட சாட்சியம்போலத் தோன்றுகிறது. செவித்திறன், முற்றிலும் இருப்பது, முற்றிலும் இல்லாதது என்ற இரண்டே நிலைகளை உடையதன்று. பலத்த ஓசைகளும் கனத்த ஓசைகளும் காதில் விழ, உயர்ந்த சுருதியில் மெலிதாக எழும் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மாத்திரம் எட்டாத குழந்தைகள் உண்டு. அழைத்தால் திரும்பக்கூடிய அக்குழந்தைக்கு, நாம் பேசும் பேச்சின் உருவம் மட்டும் தெளிவதில்லை. ஜலதோஷத்தின் பின் நடுச்செவியில் நீர் தங்கிவிட, சில வாரங்கள் நன்றாகக் கேட்பதும் சில வாரங்கள் மந்தமாவதுமாக இருக்கிற குழந்தைகளும் உண்டு. பிறக்கும்பொழுதே நிரந்தரமான செவிக்குறையோடு பிறப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை இருக்கிறார்கள். உறங்குகிற குழந்தையின் தலையில் சிறிய மின்வாய்களை ஒட்டி, ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் காட்டும் பிரதிபலிப்பை அளக்கிற 'பெரா' பரிசோதனையில் வலி சிறிதும் இல்லை. செவிக்குறையை ஆறு மாதத்திற்குள் கண்டறிந்து உதவி செய்யப்பெற்ற குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக மேம்பட்டிருந்ததை, அமெரிக்காவின் கொலராடோவில் யோஷினாகா-இத்தானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அரசாங்கத் திட்டங்களுக்கு வயது வரம்பு இருக்கிறது. ஒலியைப் பகுத்தறியப் பழகும் பருவத்திற்கோ இயற்கையே வரம்பு வகுத்திருக்கிறது. காத்திருப்பவர்கள் செலவழிப்பது அந்தக் காலத்தைத்தான்.

மூன்றாவது, 'ஆண் குழந்தைகள் மெதுவாகப் பேசுவார்கள். இவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்' என்பது. சராசரியில் பெண் குழந்தைகள் சற்று முந்துவது மெய்யே. ஆனால் அந்த வித்தியாசம் சில வாரங்கள் அல்லது ஓரிரு மாதங்களே அன்றி, ஆண்டுக்கணக்கில் அன்று. தகப்பன் தாமதமாகப் பேசினான் என்ற செய்தியோ, குழந்தையை விரைவில் காட்டுவதற்கு மேலும் ஒரு காரணமாகும். ஏனெனில் மொழித் தடைகள் குடும்பத்தில் தொடர்ந்து வருகிற இயல்புடையவை.

நான்காவதாக, ஐன்ஸ்டீனுடைய பெயர் சொல்லப்படுகிறது. அந்த மகா விஞ்ஞானி தாமதமாகப் பேசத் தொடங்கினார் என்பது உண்மை. ஆனால் அவரே 1954இல் எழுதிய கடிதமொன்றில், தம்முடைய தாமதத்தைக் கண்டு பெற்றோர் கவலையுற்று வைத்தியரைக் கலந்து ஆலோசித்தார்கள் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே இந்த உதாரணத்தைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் செய்ய வேண்டியது, குழந்தையை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே. தாமதமாகப் பேசி மேதையான ஒருவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தக்க உதவி கிடைக்காமல் வகுப்பறையின் கடைசி பெஞ்சில் வாடிப்போன குழந்தைகளின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

ஐந்தாவது, 'வீட்டில் இரண்டு பாஷை பேசுவதால் குழந்தை குழம்பிவிட்டது. ஒன்றை நிறுத்தினால் சரியாகிவிடும்' என்பது. பெங்களூரிலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதை அடிக்கடி கேட்கின்றன. நிறுத்தும்படி சொல்லப்படுவது பெரும்பாலும் தமிழாகவே இருக்கிறது. இரு மொழிகளுக்கிடையே வளரும் குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மாத்திரம் எண்ணினால் குறைவாகத் தோன்றும். இரண்டிலும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைக்கு ஒப்பாகவே இருக்கும். இரு மொழிகள் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பதே ஆராய்ச்சிகளின் முடிவு. தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் தாய் பேச முற்படும்பொழுது, கதையும் கொஞ்சலும் கேள்வியும் மறைந்து, 'கம்', 'சிட்', 'ஈட்' என்ற கட்டளைகள் மாத்திரம் எஞ்சுகின்றன. பேச்சு மிகுதியாக வேண்டிய குழந்தைக்கு அதைக் குறைத்துக் கொடுப்பது எப்படிச் சிகிச்சையாகும்?

ஆறாவதாக, எளிய பரிகாரங்களைச் சொல்லுவோர் இருக்கிறார்கள். நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்பர் சிலர். அச்சவ்வு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதித்தாலும் பாதிக்கலாமேயன்றி, சொல் கற்பதைத் தடுப்பதில்லை. நாவில் வசம்பு தடவுவதும் பேச்சைத் தருவதில்லை. கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் காட்டினால் கற்றுக்கொள்ளும் என்பது இக்காலத்துப் பரிகாரம். பாட்ரிசியா கூல் என்ற ஆராய்ச்சியாளர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்கச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், எதிரே அமர்ந்து பேசிய மனிதரிடமிருந்து அம்மொழியின் ஒலிவேறுபாட்டைக் குழந்தைகள் கற்றதும், அதே பேச்சைத் திரையில் மாத்திரம் பார்த்த வேறு குழந்தைகள் கற்காததும் புலப்பட்டன. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாமென்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

இறுதியாக, 'காட்டப் போனால் குழந்தைக்கு ஒரு பெயர் சூட்டிவிடுவார்கள்' என்ற அச்சம். பெயர் சூட்டாமல் விடுவதனால் குறை நீங்கிவிடுவதில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்வது என்பது, இந்த வயதில், பெரும்பாலும் பெற்றோரே பயிற்சி பெறுவதாகும். குழந்தையின் முகத்துக்கு நேரே அமர்ந்து, அது பார்க்கிற பொருளையே பெயரிட்டுப் பேசுவது; ஒன்றைச் சொல்லிவிட்டு, பதிலுக்காக அவசரமின்றிக் காத்திருப்பது; அது 'தண்ணி' என்றால், 'சில்லுனு தண்ணி வேணுமா?' என்று நீட்டிக்கொடுப்பது. விரல் நீட்டிக் காட்டுவதையும் பேச்சாகவே ஏற்றுக்கொள்வது. 'சொன்னால்தான் தருவேன்' என்று வற்புறுத்தாமலும், வந்த விருந்தாளிகளின் முன் 'மாமாவுக்குச் சொல்லு' என்று பரீட்சை வைக்காமலும் இருப்பது: இவற்றால் எந்தக் குழந்தைக்கும் தீங்கு வராது. தானாகவே பேசக்கூடிய குழந்தை இவற்றால் இன்னும் நன்றாகப் பேசும். உதவி தேவைப்பட்ட குழந்தைக்கு உரிய காலத்தில் உதவி கிடைத்திருக்கும். இந்தியாவில் 2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதமும் சேர்க்கப்பட்டு, இதற்கென மாவட்ட அளவில் ஆரம்ப இடையீட்டு மையங்களும் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. அங்கன்வாடிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் கேட்டாலே வழி சொல்லுவார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒரு வயதில் விரலால் சுட்டிக் காட்டாமலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் இருந்தாலோ, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாவிட்டாலோ, இரண்டு வயதில் இரண்டு சொற்கள் இணையாவிட்டாலோ, எந்த வயதிலேனும் வந்த பேச்சு நின்றுபோனாலோ, அடுத்த பிறந்த நாள் வரையில் காத்திராமல் முதலில் செவியைப் பரிசோதியுங்கள். பிறகு பேச்சுப் பயிற்சியாளரைக் காணுங்கள். தாயினுடைய கவலையை அவசரம் என்று அடக்குவதும், நீ பேசாததனால்தான் குழந்தையும் பேசவில்லை என்று அவள்மீது பழி சுமத்துவதும் குடும்பத்தாருக்குத் தகாது. பொறுமை நற்குணமே, அந்தப் பொறுமையைக் குழந்தையோடு தினந்தோறும் அமர்ந்து பேசுவதில் காட்டுவோம், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் அல்ல.