கேத்தல் கற்பித்த பாடம்

ஆசிரியத் தொழிலில் ஓர் ஆபத்து உண்டு. கேட்ட வினாவுக்கு உடனே விடை கூறிவிட வேண்டும் என்ற ஆசையே அது. அவ்வாசையினால் நாம் அண்மையில் ஒரு பிழை விட்டோம். அதனை வாசக நேயர்களுக்கு, சிறப்பாக மாணாக்கருக்கு, ஒளியாது கூறுதல் நம் கடன்.

நம்மிடம் பௌதிகம் பயின்று இப்பொழுது இங்கிலாந்தில் வாழும் இளைஞர் ஒருவர், தம் சேமிப்பைக் கொடுத்துப் பழைய சுசூக்கி ஜீ.ரி. 750 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அவ்வகை வண்டி யப்பானில் 1971 முதல் 1977 வரை செய்யப்பட்டது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 738 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய ஈரடிப்பு எஞ்சின். அக்காலத்து மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை வீசும் காற்றினாற் குளிர்ந்தன. இதுவோ நீரினாற் குளிர்ந்தது. ஆகவே ஆங்கிலேயர் இதற்குக் 'கேத்தல்' என்றும், அமெரிக்கர் 'நீரெருமை' என்றும் பட்டப்பெயர் சூட்டினர்.

இளைஞரின் கேத்தல், பெயருக்கு ஏற்ப, அளவுக்கு மிஞ்சிச் சூடேறியது. என்ன செய்யலாம் என்று நமக்கு எழுதினார். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. நம் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவைக் காணாத நாளில்லை. அந்த நினைவிலே, "ரேடியேட்டரில் சுண்ணம் படிந்திருக்கும், அதனைக் கழுவிப் பூட்டினாற் போதும்" என்று அன்றே பதில் எழுதிவிட்டோம்.

அவர் நம் சொல்லை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை; சோதித்தார். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டரின் மூடியைத் திறந்தார். சூடாக இருக்கும்போது திறந்தால் அமுக்கம் நீங்கிக் கொதிநீர் மேலே பாயும். சாதாரண வளியமுக்கத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், அதனைப்போல் இரு மடங்கு அமுக்கத்தில் ஏறக்குறைய 120 பாகை வரை கொதியாது நிற்கும் என்பதை மாணாக்கர் அறிவர். மூடியின் வேலையே அவ்வமுக்கத்தைக் காப்பதுதான்.

மூடியிற் குறித்த அளவுக்கு மேற்படாமல் ஒரு கைப்பம்பினால் வளியை ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தார். முள் இறங்கவில்லை, எனவே குழாய்களிலோ, சிலிண்டர்த் தலையின் காஸ்கட்டிலோ கசிவு இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத்து நீரில் இட்டுச் சூடாக்கினார். பொறித்த வெப்பநிலையிலே அது திறந்தது. ரேடியேட்டரில் நீர் தடையின்றி ஓடியது, படிவு சொற்பமே. நம் விடை அங்கேயே வீழ்ந்தது.

பின்னர் எஞ்சினைப் பார்த்தார். மூன்று சிலிண்டர்களிலும் அமுக்கமானியைப் பூட்டி உதைத்துப் பார்த்தபோது, இரண்டு ஒத்திருந்தன, வலப்புறத்தது குறைந்தது. அடுத்து, காபரேற்றரையும் புகைக்குழாயையும் கழற்றி, அவற்றின் வாயில்களை அடைத்து, ஒவ்வொரு கிராங்க் அறைக்கும் மெல்லிய அமுக்கத்தில் வளி ஏற்றினார். வலப்புற அறை மட்டும் அதனைத் தாங்கவில்லை. சவர்க்கார நீரைப் பூசவே, கிராங்க் தண்டின் முனையிலே நுரை எழுந்தது. நெடுங்காலம் ஓடாது கிடந்தமையால் றப்பர் சீல் இறுகி வெடித்திருந்தது.

இதில் உள்ள காரணத் தொடர்பைக் கவனித்தல் வேண்டும். ஈரடிப்பு எஞ்சினிலே பெற்றோலும் வளியும் முதலிற் கிராங்க் அறைக்குட் புகுந்தே மேலே செல்லும். சீல் கசிந்தால் வேண்டாத வளி அவ்வழியாக உட்புகும். கலவையிற் பெற்றோலின் விகிதம் குறையும். அத்தகைய கலவை எரியும்போது பிஸ்டன் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். நோய் வெப்பத்தை அகற்றும் பகுதியில் இல்லை. வெப்பத்தை உண்டாக்கும் பகுதியில் இருந்தது. தலையைக் கழற்றியபோது, வலப்புறப் பிஸ்டனின் விளிம்பு உருகத் தொடங்கியிருந்ததாம். நாம் சொன்னபடி ரேடியேட்டரைக் கழுவி ஓட்டியிருந்தால், சில மைல்களில் அப்பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும். ஓடும் வேகத்திலே எஞ்சின் இறுகிப் பின்சில்லு பூட்டியிருந்தால், அவருடைய உயிருக்கே கேடு நேர்ந்திருக்கவுங் கூடும்.

கிராங்க் தண்டைக் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் சீல்களையும் பெயரிங்குகளையும் மாற்றுவித்தார். சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவுப் பிஸ்டனைப் பொருத்தினார். காஸ்கட்டுகளைப் புதிதாக இட்டார். எஞ்சினைப் பூட்டியதும், கிளப்புவதற்கு முன்னரே, அதே சோதனைகளை மீண்டும் ஒருமுறை செய்தார். பின் காய்ச்சி வடித்த நீரும் உறைதடுப்புத் திரவமும் சம அளவிற் கலந்து ஊற்றினார். அத்திரவம் பெரும்பாலும் நஞ்சு, ஆயினும் இனிப்பானது. சிறுவர்க்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாது வைத்தல் வேண்டும்.

வண்டி ஓடுகிறது என்ற நற்செய்தியோடு அவர் எழுதிய மடலின் இறுதியில் ஒரு வரி இருந்தது. "ஐயா, அளந்து பார்க்காமல் முடிபு எழுதக் கூடாதென்று ஆய்வுகூடத்திலே தாங்கள்தாம் என் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினீர்கள்."

அக்கொப்பியில் அன்று நாம் இட்ட புள்ளி எவ்வளவு என்பது நினைவில்லை. குறைத்து இட்டிருந்தால், இன்று திருத்திக்கொள்ளுகிறோம்.