நட்டநடுவும் மூன்றில் ஒரு பங்கும்

மாணவர்களுக்கான ஒளிப்படப் போட்டி ஒன்றில் நடுவர் குழுவில் அமர நேர்ந்தது. தமிழ் கற்பிப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். படங்களுக்குத் தலைப்பிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்; தலைப்புக்கும் மதிப்பெண் உண்டு; அதற்காக நான்.

வந்த படங்களுள் ஒன்று இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. ஓட்டு வீடு ஒன்றின் வாசல். இருபுறமும் ஒத்த அளவில் திண்ணை, ஒத்த உயரத்தில் தூண்கள். நிலைப்படியில், நட்டநடுவில், ஒரு மூதாட்டி நிமிர்ந்து அமர்ந்து நேரே நம்மைப் பார்க்கிறார். அந்த வீட்டைத் தாங்குபவை தூண்கள் அல்ல, அவர்தாம் என்று படம் சொல்லியது. உடனிருந்த நடுவர் ஒளிப்படக் கலையில் தேர்ந்தவர். கணினித் திரையில் அப்படத்தின்மேல் ஒன்பது கட்டங்களை விரித்தார். "முகம் எந்தச் சந்திப்புப் புள்ளியிலும் விழவில்லை. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள்" என்றார். படம் ஒதுக்கப்பட்டது. நான் வாய் திறக்கவில்லை. என் துறை அல்லவே என்று எண்ணிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, எடுத்த மாணவி அதே படத்தைத் திருத்திக் கொண்டுவந்தாள். "இப்போது விதிப்படி இருக்கிறதா ஐயா?" என்று கேட்டாள். வலப்பக்கத் திண்ணையும் தூணும் வெட்டுண்டு போயிருந்தன. பாட்டி வலக்கோட்டின்மேல் பிசகின்றி அமர்ந்திருந்தார். வீடு சரிந்துவிட்டிருந்தது. இக்கட்டுரை அன்று நான் பேசாமலிருந்ததற்கான கழுவாய்.

மூன்றில் ஒரு பங்கு விதியை ஏதோ முனிவர் அருளிய மறைபோல் பலர் பேசுகிறார்கள். அதன் பிறப்பை அறிந்தால் இந்தப் பணிவு குறையும். 1797ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த ஜான் தாமஸ் ஸ்மித் என்பவர் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தகட்டில் செதுக்கிப் படம் அச்சிடும் கலைஞர் அவர். பிற்காலத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பகுதிக்குக் காப்பாளரானார். ஓர் ஓவியத்தில் இரண்டு ஒளிப்பகுதிகள் சம வலிமையோடு போட்டியிடலாகாது, ஒன்று மற்றொன்றுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் முன்னரே கூறியிருந்தார். ஸ்மித் அதை எடுத்துக்கொண்டு நிலத்துக்கும் நீருக்கும் வானுக்கும் விரித்தார். சரிபாதியாகப் பிரிப்பதைவிட, ஐந்தில் நான்கு என்று ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ப்பதைவிட, இரண்டுக்கு ஒன்று என்னும் பங்கீடு இனிது என்பது அவர் கருத்து. அதற்கு இப்பெயரிடும்போதும், அப்படி அழைக்க இசைவு உண்டென்றால் என்று தயங்கியே இட்டார்.

ஸ்மித் பேசியது பரப்புகளின் பங்கீட்டைப் பற்றி. நான்கு சந்திப்புப் புள்ளிகளும், அவற்றில் கண்ணையோ முகத்தையோ கொண்டுபோய் ஆணியடிக்க வேண்டும் என்னும் கட்டளையும் பிற்காலத்து ஒட்டுவேலை. தயக்கத்தோடு சொல்லப்பட்ட ஒரு கருத்து இன்று செல்பேசிக் கேமராவின் அமைப்புகளுக்குள் கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஒளிப்படக் கலையின் பேராசான்களுள் ஒருவரான ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், 1952இல் வெளியான தம் நூலின் முன்னுரையில், கேமராவின் பார்வைக் கண்ணாடியில் பொருத்திக்கொள்ளும் கட்டச் சட்டங்களைக் கடைகள் விற்கும் நாள் வரவே கூடாது என்னும் கருத்தை எழுதினார். அந்த நாள் வந்துவிட்டது. விலைகூட இல்லாமல் வந்துவிட்டது.

சிலர் இவ்விதிக்குப் பொன்விகிதத்தின் பெருமையைக் கடன் வாங்கித் தருகிறார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஆயிரம் அலகு அகலமுள்ள படத்தில் பொன்விகிதக் கோடு 382இல் விழும்; மூன்றில் ஒரு பங்குக் கோடு 333இல் விழும். இடைவெளி ஏறத்தாழ ஐம்பது அலகு. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்பார்கள். கிட்டத்தட்ட என்பது போதுமானால் பாட்டியின் படத்தின்மேல் எதற்குக் கோடு கிழித்தீர்கள்?

நடுவில் வைத்தால் படம் செத்துவிடும் என்பவர்கள் மிலான் நகர மடத்தின் உணவுக்கூடச் சுவரைப் பார்க்கட்டும். 1490களில் லியோனார்டோ அங்கே தீட்டிய 'கடைசி இராவுணவு' ஓவியத்தில் கிறிஸ்து நட்டநடுவில் இருக்கிறார். கூடத்தின் கோடுகளெல்லாம் அவர் தலையை நோக்கியே ஓடிக் குவிகின்றன. கோடுகளைக் கணிக்க அவ்விடத்தில் அடிக்கப்பட்ட ஆணியின் துளைகூட அங்கே காணக்கிடைக்கிறது. டயான் ஆர்பஸ் எடுத்த இரட்டைச் சிறுமியர் படம் சதுரச் சட்டகத்தின் நடுவில் நின்று நம்மை உறுத்துப் பார்க்கிறது. ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) மனிதர்கள் ஏறத்தாழ கேமராவையே பார்த்துப் பேசுகிறார்கள். அந்த நேர்மையின் அமைதியை ஓரத்துக்குத் தள்ளினால் பெறமுடியுமா?

நடுவே சிறந்தது என்று இன்னொரு விதி செய்ய நான் வரவில்லை. தெற்குச் சோங் காலத்துச் சீன ஓவியர் மா யுவானுக்கு 'மூலை மா' என்றே பட்டப்பெயர். காட்சி முழுவதையும் ஒரு மூலையில் ஒதுக்கி மற்ற இடத்தை வெறுமைக்கு விட்டவர் அவர். நடு, மூலை, மூன்றில் ஒன்று ஆகிய எல்லாம் இடங்கள்தாம். எந்த இடமும் தன்னளவில் அழகும் அன்று, குற்றமும் அன்று.

"முதலில் விதியைக் கற்றுக்கொள், பிறகு மீறு" என்று சொல்வோர் உண்டு. வெண்பா அறியாதவன் புதுக்கவிதை எழுதலாமா என்று என்னிடமே ஒப்புமையும் காட்டுவார்கள். ஒப்புமை பொருந்தாது. வெண்டளை பிறழ்ந்தால் அது வெண்பா அன்று. ஈற்றடி முச்சீராய் அமையாவிட்டாலும் அன்று. அவ்விதிதான் வெண்பாவை வெண்பா ஆக்குகிறது. முகம் நடுவில் இருப்பதால் ஓர் ஒளிப்படம் ஒளிப்படமாக இல்லாமல் போய்விடுவதில்லை. ஆகவே இது இலக்கணம் அன்று, வெறும் பழக்கம். பழக்கத்துக்கு இலக்கண வேடம் கட்டி நடுவர் நாற்காலியில் உட்கார்த்தியதுதான் நாம் செய்த பிழை. இலக்கியம் முந்தியது, அதைக் கண்டு இலக்கணம் பிந்தியது என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். படத்தைக் காணுமுன்பே கட்டத்தை விரிப்பது அந்த முறையைத் தலைகீழாக்குவது.

இவ்விதியால் பயனே இல்லை என்று சாதிக்கமாட்டேன். பழைய கேமராக்கள் பலவற்றில் குவியம் பார்க்கும் வட்டம் பார்வைச் சட்டகத்தின் மையத்தில் இருந்தது. அங்கே முகத்தை வைத்துக் குவியம் சரிசெய்தவர் அப்படியே பொத்தானை அழுத்திவிடுவார். எண்ணாமல் நடுவில் வைக்கும் அந்தப் பழக்கத்திலிருந்து புதியவரை அசைத்துவிட இவ்விதி உதவியது. ஆனால் எண்ணாமல் நடுவில் வைப்பவரை எண்ணாமல் ஓரத்தில் வைப்பவராக மாற்றிவிட்டால் என்ன கற்பித்தோம்? ரெனால்ட்ஸ் சொன்னதன் சாரம் வேறு: இரண்டு பொருள்கள் போட்டியிடும்போது எது முதன்மை என்று முடிவுசெய். அந்த முடிவை எடுப்பவன் கலைஞன். கட்டம் அதை அவனுக்காக எடுக்காது. எடுக்க வேண்டிய தேவையையே மறக்கச்செய்யும்.

அம்மாணவியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "பாட்டியை ஏன் நடுவில் வைத்தாய்?" என்பது. பிறகு கேட்டேன். "தாத்தா போன பிறகு வீட்டில் எல்லாமே அவர்தான் ஐயா" என்றாள். எங்கள் குழுவில் ஒருவரும் படத்தை அவ்வளவு சரியாகப் படிக்கவில்லை.

நடுவர் என்னும் சொல்லுக்குள்ளேயே நடு இருக்கிறது. நடுவில் அமர்ந்திருந்த பாட்டியை ஓரத்துக்குத் தள்ளிய நாங்கள் என்ன நடுவர்கள்?